திரையில் 30 மி.லி.; கிளாஸில் எவ்வளவு? வீட்டு சர்பத் மெஷினுக்குக் ‘கண்’ ஏன் வேண்டும்?

மொபைலில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். நான்கு பாட்டில்கள், நான்கு பம்புகள், ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு. கிளாஸில் நன்னாரிப் பாகு விழும், எலுமிச்சைச் சாறு விழும், தண்ணீர் விழும். ‘சர்பத் ரெடி’ என்று திரையில் வரும். இன்ஜினீயரிங் கல்லூரிக் கண்காட்சி முதல் ஐ.டி. ஊழியர்களின் வார இறுதி வேலை வரை, வீட்டிலேயே செய்யும் தானியங்கி பானக் கருவிக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு.

முதல் கிளாஸ் அருமையாக வரும். பத்தாவது கிளாஸ் திகட்டும். இருபதாவது கிளாஸ் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனா, திரை மட்டும் மூன்று முறையும் ‘30 மி.லி.’ என்றே சொல்லும்.

சிக்கலே அங்கேதான். ஆப், வண்ண விளக்கு, குரல் கட்டளை என எல்லாவற்றுக்கும் நேரம் செலவழிக்கும் பலர், ‘கிளாஸில் உண்மையிலேயே எவ்வளவு விழுந்தது?’ என்ற கேள்வியைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அளக்காமல் ஊற்றும் மெஷினை ஆட்டோமேஷன் என்று சொல்ல முடியாது. அது சுவிட்ச் வைத்த குழாய், அவ்வளவுதான்.

15 மி.லி. கூடினால் என்ன ஆகிவிடும்?

‘பொழுதுபோக்குக்குச் செய்யும் கருவிக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

100 கிராமில் 60 கிராம் சர்க்கரை உள்ள பாகு என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாகு ஒரு மில்லி லிட்டர் சுமார் 1.29 கிராம் எடை இருக்கும். 30 மி.லி. விழ வேண்டிய இடத்தில் 45 மி.லி. விழுந்தால், கூடுதலாகப் போவது 15 மி.லி. அதன் எடை சுமார் 19 கிராம். அதில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 11.6 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன்.

கல்லூரி மாணவருக்கு இது வெறும் திகட்டல். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு அப்படியில்லை. ‘அளவாத்தான் போடுது, மெஷின் காட்டுதே’ என்று அவர் நம்பிக் குடிப்பார். கையால் ஊற்றும்போது ‘கொஞ்சம் அதிகமாயிடுச்சு’ என்று கண்ணுக்குத் தெரியும். மெஷின் ஊற்றும்போது யாரும் கிளாஸைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள். திரையில் ஓர் எண் வந்துவிட்டாலே அது ஒரு வாக்குறுதி. காப்பாற்ற முடியாத வாக்குறுதியைத் தருவதைவிட, எண்ணே காட்டாமல் இருப்பது மேல்.

நேரத்தை வைத்து அளப்பது ஏன் ஏமாற்றுகிறது?

வீட்டுக் கருவிகளில் அதிகம் பயன்படும் வழி டைமர்தான். ‘பம்ப் மூன்று நொடி ஓடினால் 30 மி.லி.’ என்று ஒருமுறை அளந்து, அதையே புரோகிராமில் எழுதிவிடுவார்கள். இது சரியாக இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு திரவம் வர வேண்டும். அப்படி வராததற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, பாட்டிலின் மட்டம். பாட்டிலை மேலே வைத்து, வால்வைத் திறந்து கீழே விடும் அமைப்பில் திரவத்தைத் தள்ளுவது அதன் உயரம்தான். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி கண்டறிந்த விதிப்படி, திரவம் வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. திறப்புக்கு மேலே 20 செ.மீ. இருந்த திரவம் 5 செ.மீ. ஆகக் குறைந்தால் வேகம் பாதியாகிவிடும். அதே மூன்று நொடியில் கிளாஸில் விழுவதும் பாதிதான்.

இரண்டு, பாகுநிலை. தண்ணீரோடு ஒப்பிட்டால், 60 சதவீத சர்க்கரைக் கரைசல் 20 டிகிரி செல்சியஸில் 50 மடங்குக்கும் மேல் கெட்டியாக ஓடும். அதே கரைசல் 40 டிகிரியில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இளகிவிடும். ஏ.சி. அறையில் அளந்து எழுதிய ‘மூன்று நொடி’ மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் செல்லாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் என்றால் கதையே வேறு.

மூன்று, குழாயின் அகலம். ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள மெல்லிய குழாய்களில் சோதனை செய்த பிரெஞ்சு மருத்துவர் புவாசுவேயின் பெயரில் உள்ள விதி இதைச் சொல்கிறது. பாகு போல நிதானமாக ஓடும் திரவத்தில், குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பாதி ஆவதில்லை, 16-இல் ஒரு பங்காகிவிடும். குழாய்க்குள் எலுமிச்சைச் சக்கை லேசாகப் படிந்தாலும், வளைவில் குழாய் சற்று நசுங்கினாலும் அளவு மாறுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றும் சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்போது, டைமரை மட்டும் நம்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு சர்பத் ஊற்றுவதற்குச் சமம்.

சர்பத் கடை அண்ணனிடம் இருக்கும் ரகசியம்

தெருமுனை சர்பத் கடை அண்ணன் டைமர் வைத்திருப்பதில்லை. பாட்டில் நிறைந்திருந்தாலும் காலியாகிக்கொண்டிருந்தாலும் அவர் போடும் அளவு பெரிதாக மாறாது. எப்படி? ஊற்றும்போது அவர் கண் கிளாஸில் இருக்கும். மட்டம் வந்ததும் கை நிமிர்ந்துவிடும். பாகு மெதுவாக வந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பார், வேகமாக வந்தால் சட்டென நிறுத்துவார். எவ்வளவு நேரம் ஊற்றினோம் என்பது அவருக்குத் தேவையே இல்லை.

பொறியியலில் இதற்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர். விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்துவது. டைமர் மெஷினுக்கு இல்லாதது இந்தக் கண்தான்.

இந்தச் சிந்தனை புதிதும் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஹீரோன், காசு போட்டால் புனித நீர் தரும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும், நெம்புகோல் சாயும், வால்வு திறக்கும். காசு தட்டிலிருந்து சரிந்து விழுந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால், அந்தக் கருவி பாத்திரத்தைப் பார்க்கவில்லை. காசு சரியும் நேரம்தான் அளவு. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, கையில் கன்ட்ரோலர் போர்டு இருந்தும் அதே வழியில் போவது சரியா?

ஃப்ளோ சென்சர் போதாதா?

‘சரி, குழாயில் ஒரு ஃப்ளோ சென்சர் மாட்டிவிட்டால் போச்சு’ என்று தோன்றும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஒய்.எஃப்-எஸ்201 என்ற வகை. உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், ஒவ்வொரு சுற்றையும் துடிப்பாக எண்ணிக் கொடுக்கும். ஒரு லிட்டருக்குச் சுமார் 450 துடிப்புகள். அதாவது, ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 2.2 மி.லி. 30 மி.லி. பாகுக்கு 13 அல்லது 14 துடிப்புகள்தான் வரும். ஒரே ஒரு துடிப்பு தவறினாலும் 7 சதவீதம் பிசகிவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம், இது நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரை ஓடும் தண்ணீருக்கானது. நிமிடத்துக்கு 100 மி.லி. மட்டுமே தள்ளும் சிறிய பம்பில், அதுவும் கெட்டிப் பாகில், சக்கரம் ஒழுங்காகச் சுற்றாது. தோட்டத்துக் குழாய்க்குப் பொருத்தமான கருவியை சர்பத்துக்கு மாட்டினால் சென்சரைக் குறை சொல்ல முடியாது.

சொலினாய்டு வால்விலும் இதே பாடம்தான். 12 வோல்ட்டில் இயங்கும் மலிவான அரை அங்குல வால்வுகள் பலவற்றுக்கு, திறக்கக் குறைந்தது 0.02 மெகா பாஸ்கல் அழுத்தம் தேவை. அது சுமார் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். சமையல் மேடையில் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும் பாட்டிலிலிருந்து அது கிடைக்காது. ‘டிக்’ என்று சத்தம் வரும், திரவம் வராது. வால்வு பழுது என்று நினைத்து இரண்டாவது வால்வு வாங்குவார்கள். அதுவும் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும்.

எந்த பம்ப் நல்லது?

வீட்டுக் கருவிக்குப் பெரும்பாலும் பொருத்தமானது பெரிஸ்டால்டிக் பம்ப். ஒரு மென்மையான குழாயை உருளைகள் வரிசையாக நசுக்கி, உள்ளே உள்ள திரவத்தை முன்னோக்கித் தள்ளும். பற்பசை டியூபை விரலால் வழிப்பது போன்ற வேலை. டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தை நகர்த்துவதும் இதே தத்துவம்தான்.

இதில் மூன்று லாபம் இருக்கிறது. பானம் குழாயின் உட்புறத்தை மட்டுமே தொடும், பம்பின் உலோகப் பாகங்களைத் தொடாது. கழுவுவது எளிது, குழாயை மட்டும் மாற்றவும் முடியும். பம்ப் நின்றதும் உருளையே குழாயை அடைத்துக்கொள்வதால், தனி வால்வு இல்லாமலேயே ஓட்டம் நின்றுவிடும்.

கடைசி லாபத்தின் அருமை டயாஃப்ரம் பம்ப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். பாட்டிலில் உள்ள மட்டத்தைவிடக் குழாயின் முனை கீழே இருந்தால், பம்ப் நின்ற பிறகும் திரவம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். கேனிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சிவிட்டால் மண்ணெண்ணெய் தானாக இறங்கும் அல்லவா, அதே சைஃபன் வேலை. இரவு மெஷினை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள், காலையில் பாகில் மிதக்கும் சமையல் மேடையைப் பார்ப்பது இப்படித்தான்.

பெரிஸ்டால்டிக் பம்பும் குறை இல்லாதது அல்ல. மெதுவாகத்தான் தள்ளும். குழாய் நசுங்கி நசுங்கித் தளரும்போது அளவும் மாறும். ஒரே அடாப்டரில் நான்கு பம்பும் சேர்ந்து ஓடினால், மின்னழுத்தம் இறங்கி வேகம் குறையும். சோடாவுக்கு இது ஒத்துவராது. நசுக்கி, அலைக்கழிக்கும்போது வாயு பிரிந்து குமிழியாகிவிடும். சோடாவைக் கடைசியில் கையால் ஊற்றுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆக, பம்பை மாற்றினால் மட்டும் போதாது. கண் வேண்டும்.

அந்தக் கண், ஒரு தராசு

கிளாஸுக்கு அடியில் வைக்கும் லோடு செல்தான் அந்தக் கண். சமையலறை டிஜிட்டல் தராசுக்குள் இருக்கும் அதே பொருள். அதோடு எச்.எக்ஸ்.711 என்ற சின்ன போர்டு ஒன்றை இணைத்தால், நொடிக்கு 10 அல்லது 80 முறை எடையைப் படித்துச் சொல்லும். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இனி மெஷின் ‘மூன்று நொடி’ என்று எண்ண வேண்டியதில்லை. ‘கிளாஸின் எடை 38.7 கிராம் கூடும்வரை ஓடு, பிறகு நில்’ என்று சொன்னால் போதும். 30 மி.லி. பாகின் எடை அதுதான். இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு மி.லி. ஒரு கிராம் என்பது தண்ணீருக்கு மட்டும். பாகுக்கும் அதே கணக்கைப் போட்டால் 30 மி.லி. கேட்டவருக்கு 23 மி.லி. சொச்சம்தான் கிடைக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதன் அடர்த்தியை அளந்து எழுதியாக வேண்டும்.

பாட்டில் மட்டம் இறங்கினாலும், பாகு இளகினாலும், குழாய் தளர்ந்தாலும் இனிக் கவலை குறைவு. ஊற்றும் நேரம் கூடும், குறையும். அளவு மாறாது. சர்பத் கடை அண்ணன் செய்வதும் இதுதானே.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பம்ப் நிற்கும் கணத்தில் காற்றில் இருக்கும் தாரையும், முனையில் தொங்கும் சொட்டுகளும் பிறகுதான் கிளாஸில் விழும். அதனால் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே போகும். தீர்வு பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. 500 ரூபாய்க்குப் போடச் சொன்னால், கடைசிச் சில ரூபாய்களில் எண்கள் மெதுவாக நகரும். வேகத்தைக் குறைத்துத்தான் அந்த மெஷின் குறியில் சரியாக நிற்கிறது. வீட்டுக் கருவியும் 90 சதவீதம் வரை வேகமாக ஊற்றிவிட்டு, மீதியை மெதுவாக ஊற்றலாம். நிறுத்திய பிறகு எத்தனை கிராம் கூடுகிறது என்று பார்த்து, அடுத்த முறை அந்த அளவு முன்னதாகவே நிறுத்தலாம். நின்றதும் பம்பை அரை நொடி பின்னோக்கி ஓட்டினால் தொங்கும் சொட்டும் உள்ளே போய்விடும்.

தராசு அளவை மட்டும் பார்ப்பதில்லை. கிளாஸ் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியும், பாதியில் யாராவது எடுத்துவிட்டாலும் தெரியும். பம்ப் ஓடியும் மூன்று நொடியில் எடை கூடவில்லை என்றால் பாட்டில் காலி, அல்லது குழாயில் அடைப்பு. உடனே நின்றுவிடச் சொல்லலாம். வண்ணத் திரைக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழித்தால் கருவி நிஜமாகவே புத்திசாலியாகும்.

கரண்ட் போய் வந்தால்?

நல்ல மெஷினுக்கு அடையாளம் ஒழுங்காக ஊற்றுவது மட்டுமல்ல, ஒழுங்காக நிற்பதும்தான்.

ஊற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்த் திரும்ப வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. நின்றபடியே இருந்து, புதிதாகப் பட்டனைத் தட்டக் காத்திருக்க வேண்டும். இ.எஸ்.பி.32 போன்ற போர்டுகளில் சில பின்கள், உயிர்பெறும் முதல் கணத்தில் தாமாகவே ‘ஆன்’ நிலைக்குப் போகும். அதில் பம்ப் இணைந்திருந்தால் கிளாஸே இல்லாத மேடையில் பாகு பீய்ச்சும். வேறு பின்னைத் தேர்வு செய்து, மாஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் இந்தத் தொல்லை தீரும். மோட்டார் நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம் போர்டைப் பதம் பார்க்காமல் இருக்க, ஒவ்வொரு பம்புக்கும் குறுக்கே ஒரு டையோடு அவசியம்.

சென்சரே தவறிவிட்டால்? ‘எது எப்படி இருந்தாலும் ஒரு பம்ப் 30 நொடிக்கு மேல் ஓடாது’ என்று ஓர் உச்சவரம்பு வேண்டும். டைமருக்கு உரிய இடம் இதுதான். அளவுகோலாக அல்ல, காவலாளியாக.

தண்ணீர் இருக்கும் இடத்துக்கு 230 வோல்ட்டைக் கொண்டுவரவே கூடாது. பி.ஐ.எஸ். பதிவு பெற்ற 12 வோல்ட் அடாப்டர் தள்ளி இருக்கட்டும், கருவிக்குள் 12 வோல்ட் மட்டும் வரட்டும்.

கடைசியாக, குழாய்

அளவு சரியாக இருந்தாலும், உள்ளே போவது சுத்தமாக இல்லையென்றால் பயன் இல்லை. மீன் தொட்டி பம்ப், ஹார்டுவேர் கடை டியூப், பித்தளை இணைப்புகள் எல்லாம் விலை குறைவு. ஆனால் சாதாரண பி.வி.சி. குழாயை வளையவைக்கச் சேர்க்கப்படும் பொருட்களும், பல பித்தளைக் கலவைகளில் இருக்கும் ஈயமும் பானத்தில், குறிப்பாக எலுமிச்சையின் புளிப்பில், கசியக்கூடியவை. உணவுத் தரச் சிலிக்கான் குழாய்தான் சரி.

சர்க்கரைத் தண்ணீர் தங்கிய குழாயில் நுண்ணுயிர்கள் படலமாக வளரும். தினமும் பயன்பாடு முடிந்ததும் வெந்நீர் ஓட்டிக் கழுவுவதை ஒரு ‘கிளீன்’ பட்டனாகவே வைத்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பாலை இந்தக் கருவிக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், அறை வெப்பத்தில் குழாய்க்குள் நிற்கும் பால் விபரீதம்.

கருவி நன்றாக வந்துவிட்டதே, விழாவில் ஸ்டால் போட்டு விற்கலாமே என்ற ஆசையும் வரும். அப்போது விதிகளும் கூடவே வரும். உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அளவு சொல்லி விற்பதற்குப் பயன்படும் அளவைக் கருவிகள் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

பத்து கிளாஸ் சோதனை

நண்பர்களுக்குக் காட்டும் முன் ஒவ்வொரு கருவியும் எழுத வேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. பாட்டில் நிறைந்திருக்கும்போது நான்கு கிளாஸ், பாதியில் மூன்று, தீரும் நேரத்தில் மூன்று. ஒவ்வொன்றையும் வேறொரு சமையலறைத் தராசில் எடை போட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். 30 மி.லி.க்கு இரண்டு மி.லி. கூடக்குறைய வந்தால் பாஸ். அதற்கு மேல் பிசகினால், திரையிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிட்டு ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று இரண்டு பட்டன்கள் வைப்பதே நேர்மை.

அந்தத் தாளில் பத்து எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால், அப்பாவின் கிளாஸை அந்தத் தராசின் மேல் தைரியமாக வைக்கலாம்.